ஜெனரல் ஷிப்ட்டுக்குப் பசிக்கவில்லை

நேற்று சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டில் அந்தப் பழவேற்காட்டு மீன்காரம்மா கணவாய் அறுத்துக்கொண்டிருந்தார். நான் பார்க்காதவன்போலத் தாண்டிப் போகப் பார்த்தேன். விடவில்லை. கணவாயின் முதுகிலிருந்து அந்த வெள்ளை ஓட்டை உருவி, தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஆமைக்கு வாணாமாபா? உன் கூட்டாளி எங்க, ஆளையே காணோம்?”

நீ இறந்துபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் நாலு பேர் அவசரமாக நின்றார்கள். தவிர, உன்னைப் பற்றிக் கேட்கும்போது அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், உனக்குத் தெரியும். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. ஊருக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லிவிட்டு ஓட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது மேசைமேல் கிடக்கிறது. கடலும் மீனும் கொஞ்சம் அழுகலும் கலந்த அந்த நாற்றம் அறை முழுக்க. ஊருக்குப் போனவனுக்கு ஒரு கடுதாசியாவது போடுவதுதானே மரியாதை, அதனால் எழுதுகிறேன்.

இந்தக் கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்லப்போகிறேன். நீ உயிரோடு இருந்தவரை என்னை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லவிட்டிருக்கிறாயா? நான் ஆரம்பிப்பேன், நீ நடுவில் புகுந்து உனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவாய். இப்போது உன்னால் முடியாது. உட்கார்ந்து கேள்.

இரும்பு மில்லில் நீ கிரேன் ஆப்பரேட்டர், நான் எலக்ட்ரீஷியன். நான் தரையில் கிடந்து ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நீ கூரைக்குக் கீழே உன் கேபினில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பாய். “மேலருந்து பாத்தாத்தான் தெரியும்” என்பது உன் வாய்ப்பாடு. ஃபர்னஸுக்குப் பின்னால் யார் தூங்குகிறார்கள், கேன்டீனில் யார் இரண்டாம் தடவை பொரியலுக்கு வரிசையில் நிற்கிறார்கள், எல்லாம் உனக்கு மேலிருந்து தெரியும். அந்த வருஷம் முதல் மழை விழுந்த வாரம், மில்லுக்குப் பின்னால் இருந்த புதர்க்காட்டை ஜேசிபி வைத்து வழித்து, புது ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நீ கேபின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது தோண்டிப் போட்ட மண்ணில் மூன்று எலுமிச்சம்பழம் நடந்து போனது என்பது உன் கட்சி. அவ்வளவு உயரத்திலிருந்து எலுமிச்சம்பழம் எப்படித் தெரியும் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாய். டீ டைமில் ஒதுங்கப் போன இடத்தில் பார்த்திருப்பாய் என்பது என் கட்சி.

எப்படியோ, மூன்று ஆமைக்குஞ்சுகள் உன் டிபன் கேரியரின் மேல் அடுக்கில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டன. கழுவலாம் என்று உன் சம்சாரம் ஸ்டெல்லா திறந்தாள். பக்கத்துப் போர்ஷனில் இருந்த எனக்கு முதலில் கேட்டது கேரியர் உருண்ட சத்தம். அப்புறம் உன் பெயர். நான் ஓடி வந்தபோது நீ தரையில் தவழ்ந்து குஞ்சுகளைத் தேடிக்கொண்டிருந்தாய். ஸ்டெல்லா கட்டில்மேல் நின்றுகொண்டிருந்தாள்.

ஆமையைப் பார்த்ததும் நம் ஜனங்கள் எல்லோர் வாயிலும் ஒரே வாசகம் வரும். வீட்டுக்கு ஆகாது என்பதுதான் சாரம். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, அதைச் சொன்ன ஒவ்வொருத்தரோடும் நீ சண்டை போட்டவன். ஸ்டெல்லாவிடம் அன்று நீ எடுத்த ஆயுதம் சர்ச். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று போன ஞாயிற்றுக்கிழமைதானே பாஸ்டர் பிரசங்கம் பண்ணினார் என்று கேட்டாய். பாஸ்டர் பொதுவாகச் சொன்னார், ஆமையைக் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்றாள் அவள். பிரின்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் எதற்கு இந்தப் பேஜார் என்று கேட்டாள். அதைக் கேட்டதும் நீ குஞ்சுகளைப் பொறுக்கத் தொடங்கினாய். மகளின் கல்யாணப் பேச்சில் மட்டும் நீ வாதாடமாட்டாய். அதனால் குஞ்சுகள் என் அறைக்கு மாற்றலாகி வந்தன. என் குடும்பம் பள்ளிப்பட்டில் இருந்தது, எனக்குக் கெட்டுப்போக இங்கே வீடு இல்லை, வெறும் அறைதான் என்று நீயே தீர்ப்புச் சொன்னாய்.

வந்த அன்றைக்கே அவற்றைக் கொன்றிருப்போம். ஆமை என்றால் தண்ணீர், அதில் உனக்கும் எனக்கும் ஒரு சந்தேகமும் கிடையாது. நான் குளிக்கிற பக்கெட்டை நிறைத்து மூன்றையும் போட்டாய். நட்டு போல்ட் மாதிரி நேராக அடிக்குப் போயின. “பாரு, அடியில நடக்குது” என்று நீ பெருமையாகச் சொன்னாய். நானும் எட்டிப் பார்த்து, ஆமாம், நன்றாகத்தான் நடக்கிறது என்றேன். ஒன்று வாயைத் திறந்து ஒரே ஒரு குமிழி விட்டது. அதைப் பார்த்து இருவரும் ஒரே நேரத்தில் பக்கெட்டுக்குள் கையை விட்டோம், மண்டை மண்டையோடு மோதியது. என் லுங்கியை விரித்து, எண்ணெயிலிருந்து எடுத்த பேரிங்கைத் துடைப்பதுபோல் துடைத்து வரிசையாக வைத்தோம். வெகுநேரம் கழித்து ஒவ்வொன்றாகக் காலை அசைத்தன. அதற்குள் நீ உன் சாமியையும் என் சாமியையும் கூப்பிட்டு முடித்திருந்தாய்.

மறுநாள் லேத் ஆப்பரேட்டர் ஒருத்தர் போனில் தேடிக் காட்டினார். இது நட்சத்திர ஆமை, தரை ஆமை, நீந்தத் தெரியாது. புல், இலை, பூ தின்னும். பால், சோறு, முட்டை ஆகாது. தினம் ஒரு தட்டில் விரல்நுனி ஆழத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கொஞ்ச நேரம் உட்காரவைக்க வேண்டும். ஓடு உறுதியாகச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், கணவாய் ஓட்டைச் சுரண்டிப் போடலாம். கடைசியாக அவர் படித்தது, இதை வீட்டில் வைத்திருந்தால் ஃபாரஸ்ட்காரர்கள் கேஸ் போடுவார்கள் என்பது.

“நாமளா புடிச்சோம்? ஜேசிபி புடிச்சிச்சு. கேஸ்னா ஜேசிபி மேல போடட்டும்” என்றாய்.

எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்றால் அங்கே அதற்குள் கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள். ஆந்திரா பக்கம் நல்ல புதர்க்காடாகப் பார்த்து விடுவது, அதுவரை நாம் வளர்ப்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது நீ. நான் தலையாட்டியதை நீ பிற்பாடு எல்லோரிடமும் ‘நாங்க முடிவு பண்ணோம்’ என்று சொன்னாய்.

பெயர் வைத்ததும் நீதான். விடிந்ததும் எழுந்து சுற்றியது ஏ ஷிப்ட். மத்தியானத்துக்கு மேல் சுறுசுறுப்பானது பி ஷிப்ட். மூன்றாவது எல்லாவற்றிலும் சின்னது, ஓட்டில் ஒரு பக்கம் லேசாக நசுங்கியது. அது ஒன்பது மணிக்குக் கண்ணைத் திறக்கும், சுற்றி ஒரு தடவை பார்க்கும், ஒரு வேலையும் செய்யாமல் ஐந்து மணிக்குத் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு ஜெனரல் ஷிப்ட் என்று பெயர் வைத்தாய். ஆபீஸ்காரர்களைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன என்பது அதிலேயே தெரிந்தது.

நம் மில்லின் பழக்கத்தை நாம் வீட்டுக்கும் கொண்டுவந்ததில்தான் வினை. ஷிப்ட் மாறும்போது போகிறவன் வருகிறவனிடம் எல்லாவற்றையும் வாயால் ஒப்படைக்க வேண்டும். வருகிறவன் அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பக்கூடாது, எல்லாவற்றையும் தானே மறுபடி பார்க்க வேண்டும். மெஷினுக்கு அது சரி. நீ காலை ஷிப்ட் என்றால் நான் மதிய ஷிப்ட், அதனால் மில் கேட்டில் தினமும் ஒப்படைப்பு நடக்கும். ஏ-யும் பி-யும் வயிறு முட்டத் தின்றாயிற்று என்று நான் சொல்வேன். நீ வீட்டுக்குப் போய், அவன் சொன்னதை எப்படி நம்புவது என்று மறுபடி ஒரு கட்டுக் கீரையை வைப்பாய். நான் திரும்பி வந்து அதையே செய்வேன். இப்படியாக ஏ-யும் பி-யும் தலையை உள்ளே இழுத்தால் கழுத்துச் சதை வெளியே பிதுங்கும் அளவுக்கு வளர்ந்தன. நம் பேச்சைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்த செக்யூரிட்டி ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு வேளை வெளிக்குப் போனது, இலகுவாகத்தான் போனது என்றெல்லாம் பேசிக்கொள்கிறீர்களே, எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள், அம்மாவா அப்பாவா என்று உருக்கமாக விசாரித்தார். நான் அம்மா என்று சொல்லிவைத்தேன்.

ஜெனரல் மட்டும் சாப்பிடவே இல்லை. நீ ரயில் பாதை ஓரத்தில் அருகம்புல் பிடுங்கி வந்தாய். சர்ச் சுவரோரத்து முருங்கையை ஒடித்தாய். நம் வீட்டு ஓனரின் செம்பருத்தியை அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பறித்தாய். பழவேற்காட்டு அம்மாவிடம் கணவாய் ஓடு வாங்கி, என் ஒயர் சீவுகிற கத்தியால் சுரண்டி இலைமேல் தூவினாய். மற்ற இரண்டும் தங்கள் பங்கை முடித்துவிட்டு ஜெனரலின் பங்குக்குமேல் ஏறி நின்று தின்னும். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நீ இலையைக் கிள்ளி அதன் மூக்கருகே பிடித்துக்கொண்டு, கைக்குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் உன் வாயைத் திறந்து திறந்து காட்டுவாய். கிரேனில் டன் கணக்கில் இரும்பைத் தூக்கி நூல் பிசகாமல் இறக்குகிற கை, அந்த ஒற்றை இலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடமும் வலமும் அலையும். அதை நான் பார்த்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை.

இந்த நேரத்தில்தான் ஓனர் வந்தார், தண்ணீர் மோட்டாரைப் பார்க்கிற சாக்கில். ஆமைகள் இருந்த தெர்மகோல் பெட்டியைப் பார்த்ததும் நின்றார். விரலை நீட்டி, இதை உடனே அப்புறப்படுத்து, என் வீட்டுக்கு ஆகாது என்றார். நீட்டிய அந்த விரலில் வெள்ளியில் ஆமை மோதிரம் பளபளத்தது. அதிர்ஷ்டத்துக்காக ஜோசியர் சொல்லிப் போட்டது.

“கைல இன்னா ஓனர் அது?” என்று கேட்டாய்.

“அது வெள்ளிபா. இது உசிரு” என்றார்.

உயிர் இருந்தால் ஆகாதா, உயிர் இல்லாவிட்டால்தான் ஆகுமா என்று நீ நிஜமாகவே விளங்கிக்கொள்ள விரும்புகிறவன்போல் கேட்டாய். அவர் மோதிரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மோட்டார் சத்தம் போடுகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் போகிற வழியில் ஸ்டெல்லாவிடம் பேசியிருக்கிறார். அன்று சாயங்காலம் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிரின்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள், சர்ச் மூலமாக வந்த இடம், பையனுக்கு கவர்மென்ட் வேலை. ஆமை விஷயம் அவர்கள் காதில் விழுந்தால் படி ஏறமாட்டார்கள். இதைச் சொல்லும்போது அவள் கத்தவில்லை.

“ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப் போச்சுண்ணா. இதுவும் போச்சின்னா அந்தப் பொண்ணு மூஞ்ச நான் எப்படிப் பாப்பேன்?” என்றாள்.

நீ பெட்டிக்கு முன்னால் குந்தியபடியே அதைக் கேட்டாய். அப்புறம் சத்தியம் செய்வதுபோல் சொன்னாய்: “ஜெனரல் ஒரு வாய் துன்னட்டும் ஸ்டெல்லா. ஒரே ஒரு வாய். மறுநாளே மூணையும் கொண்டுபோய் வுட்டுட்றேன். பட்டினியா அனுப்ப மாட்டேன்.”

அந்த வாரம் முழுக்க மழை. ஜெனரல் கையில் எடுத்தால் கூழாங்கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. குளிரில்தான் அதற்குப் பசி எடுக்கவில்லையோ என்று எனக்குத் தோன்றியது. சூடு கொடுக்க பல்பு போடலாம் என்றால் இப்போது வருகிற எல்இடி பல்பில் வெளிச்சம் மட்டும்தான். பழைய குண்டு பல்புக்காகக் கடை கடையாக அலைந்தேன். கடைசியில் கோழிக்குஞ்சு விற்கிற கடையில் கிடைத்தது. எத்தனை குஞ்சு என்று கேட்டார் கடைக்காரர், மூன்று என்றேன். மூன்று குஞ்சுக்கு எதற்குப் பல்பு, மடியில் கட்டிக்கொண்டு படுக்கலாமே என்றார். நீ அதையும் செய்து பார்த்தாய் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. பெட்டிக்குமேல் பல்பைத் தொங்கவிட்டேன். சனிக்கிழமை ஜெனரல் முதல் தடவையாக நாலு காலையும் நீட்டி நடந்தது. ஆனால் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியப்பா, இன்னும் சிலர். நான் உன் அண்ணன் ஸ்தானத்தில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் நடக்கட்டும் என்று ஜெனரலைப் பெட்டியிலிருந்து தரையில் விட்டு, என் அறைக்கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தேன், கீழே இரண்டு விரல் இடைவெளி இருப்பது உனக்கும் தெரியும். மாப்பிள்ளையின் அம்மா பிரின்சியின் தலையில் வைக்க ரோஜாக் கொத்து கொண்டுவந்திருந்தார், வருகிற வழியில் நசுங்கி இதழ் உதிர்ந்துகொண்டிருந்தது. பையன் எந்த டிபார்ட்மென்ட் என்று பேச்சுக்கு நடுவில் நான்தான் கேட்டேன். கவர்மென்ட் என்ற சொல்லோடு நீ விசாரிப்பதை நிறுத்தியிருந்தாய்.

“ஃபாரஸ்ட்ல கார்டு” என்றார் பெரியப்பா.

நீ குடித்துக்கொண்டிருந்த காபி மூக்கில் ஏறியது. நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. யாரும் எதுவும் கேட்பதற்குள் பெரியப்பா ஜெபம் பண்ணிவிடலாம் என்று எழுந்தார். எல்லோரும் கண்ணை மூடினீர்கள். நான் உங்கள் ஆள் இல்லையே, எப்போது மூட வேண்டும் எப்போது திறக்க வேண்டும் என்று தெரியாமல் பாதியாகத் திறந்து வைத்திருந்தேன். அதனால்தான் பார்த்தேன். பின்கட்டு வழியாக ஜெனரல் ஷிப்ட் உள்ளே வந்துகொண்டிருந்தது.

எழுந்தால் நாற்காலி சத்தம் போடும். கூப்பிட்டால் வருகிற ஜாதியும் இல்லை. அது கூடத்தின் நடுவாக, தன் வேலையாகப் போகிற ஆபீசர் மாதிரி நடந்தது. வாசல் வழியாக வெயில் ஒரு கட்டம் விழுந்திருந்தது, மாப்பிள்ளையின் காலடியில். அதை நோக்கித்தான் போகிறது என்று புரிந்தது. ஜெபம் முடிவதற்குள் நாற்காலிக்கு அடியில் போய்விட்டால் தப்பித்தோம். பெரியப்பா குடும்பத்துக்காக ஜெபித்தார், சபைக்காக ஜெபித்தார், நாட்டை ஆள்கிறவர்களுக்காக ஜெபித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் உன் கர்த்தரிடம் ஒன்று கேட்டேன், இந்த மனிதர் இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று. ஜெனரல் பாதி வழியில் நின்று இளைப்பாறியது. பிறகு நடந்து வெயிலுக்குள் நுழைந்து, கீழே கிடந்த ஒரு ரோஜா இதழுக்கு முன் நின்றது. ஆமென் என்றார் பெரியப்பா.

கண்ணைத் திறந்ததும் நீ அதைப் பார்த்தாய். உன் மகளின் கல்யாணம் அந்த அறையில் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்காததுபோல் காலை நீட்டி அதை மறைத்திருக்கலாம், காபி ஆறிவிடும் என்று பேச்சுக் கொடுத்திருக்கலாம். ஜெனரல் கழுத்தை நீட்டி அந்த இதழின் ஓரத்தைக் கடித்தது. நீ நாற்காலியிலிருந்து இறங்கி, சம்பந்தி அம்மாளின் காலடியில் இரண்டு முட்டியும் போட்டு உட்கார்ந்துவிட்டாய்.

“துன்னுது நைனா” என்றாய் என்னிடம். “ஜெனரல் துன்னுது.”

உன் கண்ணில் தண்ணீர். அந்த அம்மா இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். ஸ்டெல்லா முறுக்குத் தட்டோடு சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். மாப்பிள்ளை மெதுவாகக் குனிந்தார், அவரும் உனக்கு எதிரே முட்டி போட்டார். ஜெனரல் அந்த இதழைத் தின்று முடிக்கும்வரை இருவரும் அசையவில்லை. அப்புறம் அவர் அதைக் கையில் எடுத்தார், ஓட்டின் நசுங்கிய பக்கத்தை விரலால் தடவினார், எங்கே கிடைத்தது என்று கேட்டார். நீ ஜேசிபியிலிருந்து பக்கெட் வரை ஒன்று விடாமல் ஒப்பித்தாய். பெட்டியில் இன்னும் இரண்டு இருக்கிறது என்பதையும் யாரும் கேட்காமலே சொன்னாய்.

“இத ஊட்ல வெக்கக் கூடாது மாமா” என்றார்.

அந்த வாக்கியத்தில் சட்டம் இருந்தது, கேஸ் இருந்தது. ஸ்டெல்லாவின் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரைக்குப் பின்னால் பிரின்சி சிரிக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா அந்தப் பழைய வாசகத்தை ஆரம்பித்தார். அவர் மகன், நம்ம ஊட்டுச் சோறே இதுங்களாலதாம்மா என்றதும் நிறுத்திக்கொண்டு காலைக் கீழே இறக்கினார்.

சொன்ன சொல்லை நீ காப்பாற்றினாய். மறுநாளே மூன்றையும் ஃபாரஸ்ட் ஆபீசுக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த அதிகாரி நம்மைத் திட்டித் தீர்த்தார், நாமாகவே கொண்டுவந்ததால் விட்டார். கொஞ்சம் பெரிதானதும் காட்டில் விடுவோம் என்றார். நீ கேட்காமலே ஒப்படைப்பைத் தொடங்கிவிட்டாய். ஏ-க்கும் பி-க்கும் தீனியைக் குறையுங்கள், ஜெனரலைத் தனியாக வையுங்கள், அதற்குச் சூடு வேண்டும், ரோஜா கிடைத்தால் நல்லது. இதில் ஜெனரல் ஆண்பிள்ளை, கொஞ்சம் சோம்பேறி என்றும் சொன்னாய். யார் சொன்னது, அது பெண் என்றேன் நான். அதிகாரி இருவரையும் பார்த்தார். இப்போதெல்லாம் தெரியாது, வளர்ந்து சில வருஷம் ஆக வேண்டும், திருப்பிப் பார்த்தால் ஆணுக்கு அடி ஓடு குழிவாக இருக்கும் என்றார். அதை நீ ஏற்றுக்கொள்ளவில்லை, நானும் ஏற்றுக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் நீ காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் சுவரோரமாக உட்கார்ந்து அழுதாய். மருமகன் வந்து பார்க்கப்போகிறார், எழுந்திரு என்று நான்தான் மிரட்டினேன்.

பிரின்சியின் கல்யாணம் நன்றாக நடந்தது. ஆமை போனதால்தான் நடந்தது என்றார் ஓனர். ஆமை வந்ததால்தான் நடந்தது என்று நீ சண்டை போட்டாய்.

அப்புறம் உனக்குக் கிட்னி கெட்டது. டயாலிசிஸுக்காக வாரத்தில் சில நாள் காலை லோக்கலில் சென்னைக்குப் போவோம். ஸ்டெல்லா ஒரு தடவை, நான் ஒரு தடவை. நான் வரும் நாட்களில் நீ வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாய். பொன்னேரி தாண்டுவதற்குள் ஜெனரலில் ஆரம்பித்துவிடுவாய். ஆண்பிள்ளையாக இல்லாவிட்டால் அவ்வளவு சோம்பலாக இருக்குமா என்பாய். பெண்ணாக இல்லாவிட்டால் அவ்வளவு வீம்பாகப் பட்டினி கிடக்குமா என்பேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரம்மா, பேரப்பிள்ளையா என்று கேட்டார். ஆமாம், ஃபாரஸ்ட்ல இருக்குது என்றாய் நீ. அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

கடைசியாக நாம் சேர்ந்து போன அன்று உனக்குப் பேசவே முடியவில்லை. ஜன்னல் ஓரமாகச் சாய்ந்திருந்தாய். கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை, செருப்பை நான் கையில் வைத்திருந்தேன். நானும் சும்மா இருந்தேன். எண்ணூர் வந்தபோது நீ கண்ணைத் திறக்காமல் சொன்னாய்: “அது ஆம்பளதான்.” போடா, பெண் என்றேன். நீ சிரித்தாய். நாம் பேசியதில் அதுதான் கடைசி. அடுத்த முறை ஸ்டெல்லாவின் முறை, அதற்கடுத்த முறை வரவில்லை.

மருமகனைப் போன மாதம் பார்த்தேன். மூன்றையும் எப்போதோ காட்டில் விட்டாயிற்றாம், இனி அதுகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்றார். இப்போது நன்றாக வளர்ந்திருக்கும். நம் இருவரையும் அதுகளுக்கு ஞாபகம் இருக்காது. நசுங்கிய ஓட்டோடு ஜெனரல் அங்கே ஏதோ ஒரு செடியை மென்றுகொண்டிருக்கும், ஒன்பது மணிக்கு மேல்தான்.

உன் வீட்டில் உன்னை எல்லோரும் ஜெயிக்க விட்டுவிட்டார்கள். ஸ்டெல்லாகூட உன் படத்துக்கு முன்னால் நின்று, அவர் சொன்னா ஆம்பளதாண்ணா இருக்கும் என்கிறாள். உயிரோடு இருந்தபோது நீ சொன்ன ஒன்றையாவது அவள் ஒப்புக்கொண்டிருக்கிறாளா? செத்துப்போனவனிடம் யாரும் வாதாடுவதில்லை. நான் விட்டுக்கொடுத்தால் நீ செத்துப்போனதை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கு எனக்கு இன்னும் மனசு வரவில்லை, வருகிற மாதிரியும் தெரியவில்லை. காலை லோக்கலில் தனியாகப் போகும்போது எண்ணூர் வந்தால் இன்றைக்கும் வாய்க்குள்ளேயே உன்னோடு சண்டை போடுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருகிறார்.

அது பெண்தான்டா.